நீர் வற்றினால் பார்வை திரும்புமா?

கதவு நிலை நடுவில் வளைந்து தெரிகிறது. ஒரு கண்ணை மூடினால் நேராகிவிடுகிறது. மற்றதை மூடினால் மறுபடி வளைவு. நிறங்கள் வெளிறி, பொருள்கள் கொஞ்சம் சிறுத்துத் தெரிகின்றன. இப்படிச் சொல்லிக்கொண்டு கண் டாக்டரிடம் வருகிறவர்களில் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் அதிகம். ஓசிடி ஸ்கேன் எடுத்தால் விழித்திரையின் மையத்தில், அதற்கு அடியில், கொப்புளம்போல் நீர் கோத்திருக்கும். சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி என்பது முழுப்பெயர். நம்மூர் டாக்டர்கள் வாயில் அது சி.எஸ்.ஆர்.

ஜெர்மன் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப 1866-லேயே இந்நோயை விவரித்துவிட்டார். விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு எனும் ரத்தநாளப் படலம் தடித்துக் கசிவதுதான் மூலம். ஸ்டீராய்டு இதைக் கிளப்பிவிடும். மாத்திரை மட்டுமல்ல, மூக்கு ஸ்பிரே, மூட்டில் போடும் ஊசி, தோலில் தடவும் களிம்பு எல்லாமே கணக்கில் சேரும். களிம்புதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு மாதத்தில் நீர் தானாக வற்றிவிடும். வற்றாமல் தங்கிவிடுவோருக்குத்தான் ஒளி சிகிச்சை. வெர்டிபோர்ஃபின் என்ற கரும்பச்சை மருந்தைக் கைச் சிரை வழியே 10 நிமிடம் ஏற்றுகிறார்கள். அது ரத்தநாளங்களின் உட்சுவரில் போய்ச் சேர்ந்ததும், கசியும் இடத்தின் மீது 689 நானோமீட்டர் சிவப்பு லேசரை வழக்கமாக 83 விநாடி பாய்ச்சுவார்கள். இந்த லேசர் எதையும் சுடுவதில்லை. மருந்தைத் தூண்டிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. தூண்டப்பட்ட மருந்து அங்குள்ள ஆக்ஸிஜனை வீரியமாக்கி நாளச் சுவரைத் தாக்குகிறது. பிறகு இரண்டு நாளாவது வெயில் ஆகாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது.

2000-ல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது முதுமையில் வரும் வேறொரு விழித்திரை நோய்க்கு. சில ஆண்டுகளில் கண்ணுக்குள் போடும் ஊசிகள் வந்து அதை ஓரங்கட்டின. சி.எஸ்.ஆரில் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது, அதுவும் அளவைப் பாதியாகக் குறைத்த பிறகு. முழு அளவு கொடுத்தால் கசியும் நாளங்களோடு நல்ல நாளங்களும் அடைபடும் ஆபத்து இருந்தது. பாதி அளவே போதும் என்று காட்டியதில் ஹாங்காங் மருத்துவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

2018-ல் வெளியான 'பிளேஸ்' என்ற ஐரோப்பிய ஆய்வு, பாதி அளவு ஒளி சிகிச்சையை மைக்ரோபல்ஸ் லேசர் என்ற இன்னொரு சிகிச்சையோடு மோதவிட்டது. ஏழெட்டு மாதத்தில் ஒளி சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினருக்கு நீர் முழுவதும் வற்றியிருந்தது. மைக்ரோபல்ஸில் 29 சதவீதம். அடுத்து 'ஸ்பெக்ட்ரா' ஆய்வில் எப்ளிரினோன் மாத்திரையோடு போட்டி. மூன்று மாதத்தில் நீர் முழுவதும் வற்றியது ஒளி சிகிச்சையில் 78 சதவீதத்தினருக்கு, மாத்திரையில் 17. அந்த மாத்திரை வெறும் சர்க்கரை மாத்திரையைவிட மேலல்ல என்று பிரிட்டனின் 'விசி' ஆய்வு 2020-லேயே சொல்லியிருந்தது.

ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தாலும், ஒளி சிகிச்சையில் வற்றிய கண்களில் பெரும்பாலானவை வற்றியபடியே இருக்கின்றன. ஆனால் ஸ்கேன் தரும் மகிழ்ச்சியை எழுத்துப் பலகை அப்படியே தருவதில்லை. பிளேஸ் ஆய்விலேயே, ஏழெட்டு மாத முடிவில் இரு தரப்பும் கூடுதலாகப் படித்த எழுத்துகளில் பெரிய வித்தியாசம் இல்லை. மாதக்கணக்கில் நீரில் மிதந்த ஒளியுணர் செல்கள் மெலிந்துவிடுகின்றன. மாண்ட செல்லை லேசர் மீட்டுத் தராது. நீர் வற்றிய சில கண்களில் பின்னாளில் புதிய ரத்தநாளங்கள் முளைப்பதும் உண்டு. ஆகவே சிகிச்சை முடிந்தது, இனி ஸ்கேன் தேவையில்லை என்று இருந்துவிட முடியாது. நான்கு மாதம் தாண்டியும் நீர் நிற்கிறதென்றால், இன்னும் பார்க்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் சரியல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரியென்று தெரிந்தும் கொடுக்க முடியாத நிலையும் வந்தது. 2021 வாக்கில் வெர்டிபோர்ஃபினுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு. போட்டியில் தோற்ற மைக்ரோபல்ஸையும் எப்ளிரினோனையும் பல டாக்டர்கள் மறுபடி எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.