விழுந்தவன் எழுந்துவிட்டால் போதுமா?



சென்ற ஆண்டு ஓரிரவு அவினாசி ரோட்டில் என் அறைத்தோழன் பைக்கிலிருந்து சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது! சில நொடிகள் நினைவில்லை. பிறகு எழுந்து டீ குடித்தான். "ஒண்ணுமில்லடா மாப்ளே, தூங்குனா செரியாப் போயிரும்" என்றான். நானும் நம்பினேன். விடுதியில் இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சி.டி. ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம்! அன்றிரவே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டான்.

நன்றாகப் பேசியவனுக்கு எப்படி இந்த நிலை? நெற்றிப்பொட்டருகே எலும்பு மெல்லியது. அது கீறல் விட்டால் உள்ளே ஓடும் தமனி கிழியலாம். ரத்தம் தேங்கி மூளையை அழுத்தச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை ஆள் தெளிவாகவே இருப்பான்.

கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மார்க் போடும் 'கிளாஸ்கோ' அளவுகோல் 1974-ல் வந்தது. மொத்தம் 15. அதில் 13 முதல் 15 வரை வாங்கினால் 'லேசான தலைக்காயம்'. அது நினைவு நிலைக்கான மார்க்தான். உள்ளே கசிவு இல்லை என்பதற்குச் சான்றிதழ் அல்ல.

சாதாரண எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும், மூளையைச் சுற்றிய ரத்தத்தைக் காட்டாது. சி.டி.யோ பல கோணங்களில் எக்ஸ்-கதிர் செலுத்தி, கம்ப்யூட்டர் கணக்கால் குறுக்குவெட்டுப் படம் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000 என்பது அதன் அளவு. மூளைத் திசு சுமார் 30, 40. புதிதாக உறைந்த ரத்தம் 60-க்கு மேல்; ஆகவே வெள்ளையாகத் தெரியும். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த இக்கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு நம்மைப்போல் டிப்ளமோ படித்தவர்! 1979-ல் நோபல் பரிசும் பெற்றார்.

கதிர்வீச்சு உண்டு என்பதால் எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. அடிபட்டு மயங்கியவர், நடந்ததை மறந்தவர், குழம்பியவர் ஆகியோரில் யாருக்கு எடுப்பது என்று கனடா டாக்டர்கள் 2001-ல் ஒரு விதி வகுத்தார்கள். இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவில்லாமை, இரண்டு முறை வாந்தி, மண்டை ஓடு உடைந்த அறிகுறி, வயது 65 அல்லது அதற்கு மேல், வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டது ஆகியவை அதில் உண்டு. ஸ்கேன் நார்மல் என்றாலும் தலைவலி, மறதி சில நாள் இருக்கலாம்; ஓய்வு வேண்டும். முதல் 24 மணி நேரம் தனியே விடாதீர்கள்.

செலவுக்குப் பயமா? 2021-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நண்பர்களே, 'ஒண்ணுமில்ல' என்பதை விழுந்தவன் சொல்ல வேண்டாம். டாக்டர் சொல்லட்டும்!