எம்.ஏ. அரசியல் அறிவியல்: எங்கே படிக்கலாம்?



"அரசியல் அறிவியல் படிச்சு என்ன பண்ணப் போறே?" நம்ம குரூப் எடுத்த எல்லோரும் கேட்ட கேள்வி இது. அதுக்குப் பதில் சொல்லணும்னா, முதல்ல நம்மையே ஒன்று கேட்டுக்கணும்: அரசியலில் எதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஆசை?

ஏன்னா இது ஒரே பாடம் இல்லை. அரசியல் கோட்பாடு, இந்திய அரசியல், ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம் என்று பல கிளைகள். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் எல்லாக் கிளையும் ஒரே மாதிரி பலமாக இருக்காது.

என் அக்கா பி.ஏ. மூன்றாம் ஆண்டு. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016-இல் அதை 50 சதவீதமாக்கியது. ஆனாலும் சில ஊர்களில் தலைவி கையெழுத்துப் போடுறாங்க, கணவர் பேசுறார். நாற்காலி கிடைச்சுது, அதிகாரம் கிடைச்சுதா? இதுதான் அக்கா ஆராய நினைக்கிற கேள்வி.

"டெல்லி ஜே.என்.யூ.தான் பெரிய பேரு" என்கிறார் அப்பா. உண்மைதான். வெளியுறவு பிடிச்சவங்களுக்கு அங்கே தனிப் பள்ளியே இருக்கு. ஆனா ஊராட்சி பற்றிய கேள்விக்கு, திண்டுக்கல் பக்கத்திலுள்ள காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கணும் இல்லையா? அங்கே அரசியல் அறிவியலும் வளர்ச்சி நிர்வாகமும் ஒரே துறை. சுற்றிலும் கிராமங்கள்!

அக்காகிட்ட நான் கற்றுக்கொண்ட வழி இதோ:

1. துறையின் இணையதளத்தில் ஆசிரியர்கள் என்ன ஆய்வு பண்றாங்கன்னு பாருங்க. நம்ம விருப்பத்துக்கு ஒருவர் மட்டும் இருந்தா போதாது. அவர் ஓய்வு பெற்றுட்டா? இரண்டு பேராவது வேணும்.

2. ஷோத்கங்கா இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். எந்தத் துறையில் எந்தத் தலைப்பு, வழிகாட்டி யார் என்பது தெரியும்.

3. விருப்பப் பாடங்களைப் படிங்க. ஆய்வுக் கட்டுரை எழுத வாய்ப்பு உண்டான்னு பாருங்க.

4. அங்கே படிக்கிற சீனியர்களிடம் கட்டணம், விடுதி பற்றிக் கேளுங்க.

ஜே.என்.யூ., புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சி.யூ.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத்தேர்வு உண்டு. அதையும் மறக்காதீங்க.

எம்.ஏ. இரண்டு வருஷம். வீட்டுப் பணமும் நம்ம உழைப்பும் அதில் போகுது. பேரைப் பார்த்து மட்டும் போகாமல், நம்ம கேள்விக்கு எங்கே பதில் தேட முடியும்னு பார்த்துப் போவோம். உங்க கேள்வி என்ன? இன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்க!

– ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி