வார்டில் வராத ஆசை சந்தியில் ஏன் வருகிறது?

ஒரு மாதம் வார்டில் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டவர் தன் ஊரான முருங்கன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார் என்று வையுங்கள். பின்னேர வெயில், கட்டுக்கரைக் குளத்துப் பக்கக் காற்று, “எப்ப மச்சான் வந்தனீ?” என்று கேட்கும் பழைய கூட்டாளி. நாக்கு ஊறுகிறது. மனவுறுதி இல்லை என்று ஊர் சொல்லும். அவசரத் தீர்ப்பு அது.

மூளை குடியை மட்டும் பழகுவதில்லை. இடம், நேரம், மணம், முகம் எல்லாவற்றையும் அதோடு முடிச்சுப் போடுகிறது. சிகிச்சை அந்த முடிச்சை அழிப்பதில்லை. “இங்கே குடி இல்லை” என்று இன்னொரு பாடத்தை மேலே எழுதுகிறது. அந்த “இங்கே” வார்டுதான், சந்தி அல்ல.

வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 சதவீதமே. பழகிய இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. நம்மவர் நிலை நேர்மாறு: பழகிய இடத்துக்கே திரும்புகிறார்.

ஆகவே புதிய பாடத்தை ஊரிலேயே, அடிக்கடி எழுத வேண்டும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் செய்வது இதைத்தான். 27 ஆய்வுகளை, 10,565 பேரை, அலசிய 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இக்கூட்டங்களோடு முறைப்படி இணைக்கும் சிகிச்சை தொடர்ந்து குடிக்காதிருக்க மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவியதாகக் கண்டது. கூட்டங்களின் பயனில் பெரும்பங்கு, கூட்டாளிகள் மாறுவதால் வருகிறது.

சென்னையின் டி.டி.கே. மருத்துவமனை இன்னும் நேராகப் போனது: திருவாரூர் மாவட்ட மஞ்சக்குடியில் முகாம் போட்டு, ஊருக்குள்ளேயே சிகிச்சை கொடுத்தது.