மீனைக் காக்கும் செதில் ஐஸ்

மும்பை கொலாபாவில் உள்ள சசூன் டாக் 1875-ல் கட்டப்பட்டது. பொழுது விடியும் முன்பே இங்கு மீன் ஏலம் தொடங்கிவிடும். கூடைகள் இறங்கும் இடத்தில் ஐஸ் நொறுங்கும் சத்தமும் கேட்கும்.

செத்த மறுகணமே மீன் கெட ஆரம்பிக்கிறது. குளிர்ச்சி கிடைக்கத் தாமதமானால், இரவெல்லாம் வலை இழுத்தவர்களின் உழைப்புக்கு ஏலத்தில் விலை விழுந்துவிடும். மீன் தொழிலில் ஐஸுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஒரு நாளும் ஒரு நிமிஷமும்

நாம் வழக்கமாகப் பார்ப்பது ஐஸ் பார். தகர டின்களில் தண்ணீர் நிரப்பி, குளிரூட்டிய உப்புக் கரைசலில் இறக்கி வைப்பார்கள். பெரிய பார் முழுதும் உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஓரத்தில் முதலில் உறையும் ஐஸ், போர்வை போலச் சூழ்ந்து, நடுவில் உள்ள தண்ணீரின் சூடு வெளியேற விடாமல் தடுப்பதே காரணம்.

செதில் ஐஸ் இயந்திரத்தில் இந்தத் தடை கிடையாது. இரட்டைச் சுவர் கொண்ட உருளை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. சுவர்களுக்கு இடையே அம்மோனியா போன்ற குளிரூட்டும் திரவம் கொதித்து ஆவியாகிறது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் அதிகம். உள்சுவரில் மெல்லிய படலமாக வழியும் தண்ணீர், ஓரிரு நிமிஷங்களில் உறைந்துவிடும். சுழலும் கத்தி அதைச் சுரண்ட, 2, 3 மில்லிமீட்டர் கனமுள்ள செதில்கள் கீழே உள்ள அறையில் உதிர்கின்றன.

மீனுக்கு ஏற்றது

நொறுக்கிய பாரின் கூர்மையான முனைகள் மீனின் தோலைக் கிழிக்கும். மெல்லிய செதில்களோ மீனை இடைவெளியின்றி மூடிக்கொள்ளும். சீக்கிரம் குளிர வைக்கும்.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கணக்குப்படி, 30 டிகிரி சூடுள்ள சுமார் 3 கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர இது போதும். ஆனால் நம் வெயிலில் பெரும்பகுதி வீணாக உருகுவதால், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போடுவதே நல்லது.

சிமெண்ட் முதல் சாயம் வரை

அணைக்கட்டு வேலையில் சிமெண்ட் இறுகும்போது எழும் சூட்டால் கான்கிரீட் வெடிப்பு விடலாம். அதைத் தடுக்க, கலவைத் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செதில் ஐஸைச் சேர்க்கிறார்கள். ரொட்டி மாவு பிசையும்போது சூடேறாமல் இருக்கவும், சில சாயங்களைக் குளிர்ந்த நிலையில் தயாரிக்கவும் இது உதவுகிறது.

இதற்குக் குறைகளும் உண்டு. செதில் ஐஸ் அதிக இடத்தை அடைக்கும், சீக்கிரம் உருகும், மின்சாரச் செலவும் கூடுதல். பல நாள் கடலில் தங்கும் படகுக்கு நின்று உருகும் பாரே கைகொடுக்கும். பிடித்த மீனை உடனே குளிர வைக்க வேண்டுமானால் பாரைவிடச் செதிலே மேல்.