‘ஒருவேளை’ என்றால் எவ்வளவு?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: “மெட்ரிகுலேஷன் கிடைக்கலாம்.” பக்கத்து வீட்டு அண்ணன் அப்படிச் சொன்னதைக் கேட்ட மாணவர், அம்மாவிடம் போய், “கிடைச்சிரும்னு சொன்னாங்கம்மா” என்கிறார். ‘கிடைக்கலாம்’ நான்கு அடி நடப்பதற்குள் ‘கிடைத்துவிடும்’ ஆகிவிட்டது. அந்த நம்பிக்கையில் ஆறாம் படிவத்தைப் பற்றியோ பாலிடெக்னிக்கைப் பற்றியோ விசாரிக்காமல் இருந்துவிட்டால் இழப்பு யாருக்கு?

ஐயத்தைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நமக்கு நன்கு பழகியது ‘ஒருவேளை’. வேளை என்றால் பொழுது. “ஒரு வேளை மருந்து சாப்பிட்டான்” என்று பிரித்து எழுதினால் ஒரு பொழுதுக்கான மருந்து. “ஒருவேளை மருந்து சாப்பிட்டிருப்பான்” என்று சேர்த்து எழுதினால் சாப்பிட்டானா என்பதே சந்தேகம். மலாய் மொழியின் ‘பாராங்காலி’யும் இதே வழியில் பிறந்ததுதான். அதிலுள்ள ‘காலி’ தடவையைக் குறிக்கும். பல்கலைக்கழகத்தில் மலாய்த் தோழிகள் வாக்கியத்தின் கடைசியில் ‘கோட்’ என்று சேர்ப்பார்கள். “ஹூஜான் கோட்” என்றால் மழை வரலாம் என்று பொருள்.

மழையையே எடுத்துக்கொள்வோம். தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளுக்கு அது வெறும் வானிலைப் பேச்சு அல்ல. பட்டை நனைந்தால் பால் கோப்பையில் விழாமல் மரத்தில் வழிந்துவிடும்; அன்றைய வருமானம் போய்விடும். சுங்கை ஆயர் தாவார் பக்கம் இன்றும் பெரியவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். “மழை வரும் போல இருக்கு” என்பவர் வானம் கறுத்ததைக் கண்ணால் பார்த்தவர். “மழை வருமாம்” என்பவர் பிறர் சொல்லக் கேட்டவர். “ஒருவேளை மழை வந்தாலும் வரும்” என்பவரிடம் உறுதியான அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் வராது என்று அவர் சொல்லமாட்டார். மூவரும் ஐயத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால், அந்த ஐயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

‘லாம்’ விகுதியில்தான் கவனம் தேவை. “நீ போகலாம்” என்றால் அனுமதி. “வா, போகலாம்” என்றால் அழைப்பு. “அவர் போகலாம், போகாமலும் இருக்கலாம்” என்றால் ஐயம்.

ஐயத்தைச் சொல்வதைத் தமிழ் என்றுமே குறையாகக் கருதியதில்லை. ‘கொல்’ என்ற இடைச்சொல் ஐயப் பொருளைத் தரும் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. எதிரே நிற்பவள் தெய்வப் பெண்ணா, மயிலா, மானிடப் பெண்ணா என்று தலைவன் தடுமாறும் 1081ஆம் குறளில் ‘கொல்’ மூன்று முறை வருகிறது.

சிக்கல், சொல்பவரும் கேட்பவரும் வேறு வேறு அளவை நினைப்பதில்தான் இருக்கிறது. 1951இல் அமெரிக்க உளவு அறிக்கை ஒன்று, யுகோஸ்லாவியா தாக்கப்படுவதற்குக் ‘கணிசமான சாத்தியம்’ உண்டு என்று எழுதியது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் மனத்தில் வைத்திருந்தது 65 விழுக்காடு. உடன் பணியாற்றியவர்களைக் கேட்டபோது 20 விழுக்காடு என்றவரும் இருந்தார், 80 என்றவரும் இருந்தார். ஒரே அறிக்கை, ஒரே சொல்! இந்த அனுபவத்தை அவர் 1964இல் கட்டுரையாக எழுதினார். இன்று ஐக்கிய நாட்டு மன்றத்தின் பருவநிலை மாற்ற ஆய்வுக் குழு, ஐயச் சொற்களுக்கு அளவையும் வரையறுத்தே பயன்படுத்துகிறது. ‘நிகழக்கூடும்’ என்றால் குறைந்தது 66 விழுக்காடு; ‘நிகழப் பெரிதும் வாய்ப்புண்டு’ என்றால் குறைந்தது 90.

நாம் வீட்டில் விழுக்காடு சொல்லிப் பேச வேண்டியதில்லை. ஆனால், யாராவது “கிடைக்கலாம்” என்றால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நீங்களே பார்த்ததா, யாராவது சொன்னதா? கிடைக்காவிட்டால் அடுத்த வழி என்ன? பெரியவர்களிடம் பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

புலனத்தில் செய்தி அனுப்பும்போதும் இப்படித்தான். “உதவித்தொகை தருகிறார்களாம்” என்று வந்த செய்தியை “தருகிறார்கள்” என்று மாற்றி அனுப்பாதீர்கள். அந்த ‘ஆம்’ இரண்டே எழுத்துதான். அதை விட்டுவிட்டால், இல்லாத உதவித்தொகைக்காக ஒரு தம்பியோ தங்கையோ விண்ணப்ப நாள் முடியும்வரை காத்திருக்கக்கூடும்.