எல்லா லைன்களும் பிஸி - ஏன்?

"இஸ் ரூட் கீ ஸபீ லைனே வ்யஸ்த் ஹை." வடக்கே வந்து குடியேறிய நம்மவர்களில் இந்தக் குரலைக் கேட்காதவர் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் இரவுக் கட்டணச் சலுகைக்காகக் காத்திருந்து, எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்று ஊருக்கு டயல் செய்தால், அம்மாவுக்கு முன்னால் இந்த அம்மாள்தான் பேசுவாள்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த அன்று நாக்பூரில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா ஓடி வந்தார். அவருடைய தம்பி குடும்பம் நாகப்பட்டினத்தில். "அண்ணே, நீங்க டெலிபோன் இன்ஜினீயர்தானே, ஒரு லைன் போட்டுத் தர முடியாதா?" என்று கேட்டார். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அன்றைக்குச் சொல்லும் நிலையில் அவரும் இல்லை, நானும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஓர் எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் சந்தாதாரர்கள் இருந்தால், அங்கிருந்து வெளியூருக்கு ஆயிரம் லைன்கள் போடுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்பதே கணக்கு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1917ல் இதற்குச் சூத்திரம் கொடுத்தார். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். 10 எர்லாங் பேச்சுக்குப் பத்தே லைன் போட்டால் 100 அழைப்பில் சுமார் 21 திரும்பிவிடும். ஒன்றுக்கு மேல் திரும்பக்கூடாதென்றால் 18 லைன் வேண்டும். ஆனால் 100 எர்லாங்குக்கு 117 லைனே போதும். கூட்டம் பெரிதானால் சிக்கனம் அதிகம். அந்தச் சிக்கனத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. கையிருப்பு குறைவு என்பதால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடினாலும் திணறிப் போகும்.

திணறல் தொடங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? மறுபடி டயல் செய்கிறோம். மறுபடியும், மறுபடியும். எக்ஸ்சேஞ்சின் பிராசஸர் ஒவ்வொரு முறையும் எண்களை வாங்கி, காலி லைன் தேடி, இல்லையென்று கண்டு, அறிவிப்பையும் போட வேண்டும். கிடைக்காத அழைப்புக்கும் உழைப்பு உண்டு. அதோடு, மூன்று எக்ஸ்சேஞ்ச் தாண்டிப் போய் நான்காவதில் முட்டி நிற்கும் அழைப்பு, வழியில் உள்ள லைன்களையும் சில விநாடி அடைத்துவிடுகிறது. முயற்சி கூடக்கூட, உண்மையில் பேசி முடிக்கிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது.

எங்கள் ரயில்வேக்கு இது பழைய பாடம். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியை விடமாட்டோம். யார்டு நிரம்பியிருந்தால் வண்டிகளைப் பின்னாலேயே நிறுத்தி வைப்போம். டெலிபோனிலும் அதேதான். நாகப்பட்டினம் திணறினால் நாகப்பட்டினத்தில் தடுத்துப் பயனில்லை. நாக்பூரிலும் டெல்லியிலும் தடுக்க வேண்டும். அந்த ஊர்க் குறியீட்டுக்கு இத்தனை விநாடிக்கு ஓர் அழைப்புதான் என்று புறப்படும் எக்ஸ்சேஞ்சிலேயே கட்டுப்படுத்துவார்கள். நேர்வழி நிரம்பினால் சுற்றுவழியில் அனுப்பும் வசதியையும் நிறுத்துவார்கள். சாதாரண நாளில் சுற்றுவழி நல்லதுதான். நெரிசலில் அது ஒரு பேச்சுக்கு இரண்டு லைன் தின்னும். டயல் டோனைத் தாமதப்படுத்துவதும் உண்டு. அப்போதும் ஆஸ்பத்திரி, தீயணைப்பு போன்ற முன்னுரிமை எண்களுக்கு வழி இருக்கும். எல்லாவற்றையும்விட, பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து வெளியே வரும் அழைப்புக்கு முதலிடம். உள்ளே இருப்பவன் ஒருவன் பேசினால், வெளியே நூறு பேர் டயல் செய்வது நின்றுவிடும் அல்லவா?

இன்று எல்லோர் கையிலும் மொபைல் வந்துவிட்டது. டவருக்கும் அளவு உண்டு. ஆனால் குறுஞ்செய்திக்கு மிகக் கொஞ்சம் இடம் போதும். இடமில்லாவிட்டால் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். பேச்சு அப்படிக் காத்திருக்காது. ஆகவே ஆபத்து நேரத்தில் முதலில் ஒரு வரி செய்தி அனுப்புங்கள். குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் அழைக்கட்டும். அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

அந்த ஞாயிறு மாலை நான் மறுபடி எதிர் வீட்டுக்குப் போனபோதும் அந்த அம்மா டயல் செய்துகொண்டேதான் இருந்தார். விரல் சிவந்திருந்தது. "கொஞ்ச நேரம் ரிசீவரைக் கீழே வையுங்கம்மா, அவங்க கூப்பிட்டா மணி அடிக்கணுமே" என்றேன். மனமில்லாமல் வைத்தார். பத்து நிமிடம் ஆகியிருக்காது, மணி அடித்தது. தம்பி, மனைவி பிள்ளைகளோடு ஒரு லாரியில் ஏறித் தஞ்சாவூர் வந்து சேர்ந்து, பூத்திலிருந்து பேசினான்.

"மத்தியானத்திலேருந்து போட்டுக்கிட்டே இருக்கேன் அக்கா. உங்க லைன் என்கேஜ்டாவே இருந்துச்சு."