எண்முறைப் படங்களில் ஒளிர்வு, மாறுபாடு, காமா

வேளாண்மை, நிலவியல், தாவரவியல், தொல்லியல் முதலிய துறைகளில் களப்பணி ஆற்றுவோர் நாள்தோறும் ஒளிப்படங்கள் எடுக்கின்றனர். அவற்றுள் பல, எடுத்த நிலையில் தெளிவாக அமைவதில்லை. நிழலில் உள்ள இலை கருத்துத் தோன்றும். நண்பகல் வெயிலில் உள்ள பாறை வெளிறித் தோன்றும். இக்குறைகளைக் கணிப்பொறியில் திருத்துவதற்கு மூன்று வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. பிரைட்னஸ் எனப்படும் ஒளிர்வு, காண்ட்ராஸ்ட் எனப்படும் மாறுபாடு, காமா என்பன அவை. மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்வன என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அவை செய்யும் கணக்குகளும் வேறு, விளைவுகளும் வேறு. மங்கிய செய்தியைத் தெளிவாக்கும் கருவியே, அளவு மீறின் உள்ள செய்தியை அழித்துவிடும். ஆகவே, மூன்றின் இயல்பையும் தனித்தனியே அறிதல் இன்றியமையாதது.

படம் எண்களால் ஆயது

எண்முறைப் படம் என்பது பிக்சல் என வழங்கும் சிறு புள்ளிகளின் தொகுதியாகும். 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கப்படும். 0 முழுக் கருமை. 255 முழு வெண்மை. வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றிற்கும் இவ்வாறே தனித்தனி எண்கள் உண்டு.

சாம்பல் நோய் கண்ட ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். இலையின் பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் உள்ளது. நிழற்பகுதியில் மூன்று புள்ளிகளின் எண்கள் 40, 50, 60 எனவும், வெயிற்பகுதியில் நோயின் வெண்படலத்திலுள்ள இரண்டு புள்ளிகளின் எண்கள் 240, 250 எனவும் கொள்வோம். இவ்வெண்களுக்கு இடையேயுள்ள வேற்றுமையே படம் நமக்குக் கூறும் செய்தியாகும்.

ஒளிர்வு: கூட்டல்

ஒளிர்வை உயர்த்துவது அடிப்படையில் கூட்டற் கணக்கு. எல்லா எண்களோடும் 60ஐக் கூட்டினால் நிழற்பகுதி 100, 110, 120 என ஆகும். கண்ணுக்கு நன்கு புலப்படும். ஆனால் 240உம் 250உம் முறையே 300, 310 ஆதல் வேண்டும். 255க்கு மேற்பட்ட எண்ணுக்கு இடமின்மையால் இரண்டும் 255 என்றே பதிவாகும். வெண்படலத்தின் மேடு பள்ளங்கள் மறைந்து, அவ்விடம் வெறும் வெள்ளையாகிவிடும். பின்னர் 60ஐக் கழித்தாலும் இரண்டும் 195 ஆகுமேயன்றிப் பழைய எண்கள் திரும்பி வாரா. இங்ஙனம் வரம்பு கடந்த எண்கள் வெட்டுண்டு போவதே முதலாவது இடர். சில மென்பொருள்கள் இவ்விடரைக் குறைக்கும் பொருட்டுக் கூட்டல் முறையைச் சற்று மாற்றி அமைத்துள்ளன.

மாறுபாடு: பெருக்கல்

மாறுபாட்டை மிகுவிப்பது பெருக்கற் கணக்கு. நடு எண்ணாகிய 128இலிருந்து ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகியுள்ளதோ அவ்விலக்கத்தை 1.5ஆல் பெருக்குவதாகக் கொள்வோம். 50 என்பது 11 ஆகவும், 60 என்பது 26 ஆகவும் மாறும். இவ்விரண்டிற்கும் இடையே 10 ஆக இருந்த வேற்றுமை 15 ஆகப் பெருகியது உண்மையே. ஆனால் 40 பூச்சியத்திற்கும் கீழே சென்று 0 ஆகின்றது. 240உம் 250உம் மீண்டும் 255இல் முட்டி நிற்கின்றன. இரு முனைகளிலும் இழப்பு நேர்ந்தது.

அவ்வாறாயின் இக்கருவி எப்பொழுது ஏற்றது? மூடுபனியில் எடுத்த படம்போல், எண்கள் யாவும் குறுகிய எல்லைக்குள் அடங்கியிருக்கும்பொழுது ஏற்றது. 90 முதல் 150 வரையுள்ள எண்கள் இதே பெருக்கத்தால் 71 முதல் 161 வரை விரியும், எதுவும் வெட்டுண்ணாது. செயற்கைக்கோட் படங்களுக்கு இவ்விரிவாக்கம் பெரிதும் வேண்டப்படுகின்றது. 2013ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற லாண்ட்சாட்-8 செயற்கைக்கோளின் நிலப்படக் கருவி ஒளியை 12 பிட் முறையில் 4,096 படிகளாகப் பகுத்து அளக்கின்றது. பனிமலையின் மிகுந்த ஒளியையும் கடலின் மிகக் குறைந்த ஒளியையும் ஒரே கருவி அளக்கவேண்டியிருத்தலின், ஒரு வட்டாரத்தின் எண்கள் அவ்வரிசையின் சிறு பகுதியிலேயே அடங்கிவிடும். விரித்தாலன்றி அப்படம் இருண்டே தோன்றும்.

காமா: வளைத்தல்

காமா என்பது இரு முனைகளையும் அசையாது நிறுத்தி, இடைப்பட்ட எண்களை மட்டும் வளைக்கும் முறையாகும். எண்ணை 255ஆல் வகுத்து, வந்த ஈவை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, மீண்டும் 255ஆல் பெருக்கவேண்டும். அடுக்கு அரை எனில் அது வர்க்கமூலமே. நம் எண்களுக்கு இதைச் செய்து, அருகிலுள்ள முழு எண்ணாகக் கொண்டால், 40, 50, 60 என்பன 101, 113, 124 ஆகின்றன. 240, 250 என்பன 247, 252 ஆகின்றன. நிழல் தெளிந்தது, வெண்படலத்தின் வேற்றுமை 10இலிருந்து 5 ஆகக் குறைந்ததேயன்றி அழிந்துபடவில்லை. 0உம் 255உம் மாறவே இல்லை.

இம்முறை நம் கண்ணின் இயல்போடும் பொருந்துவது. தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டை மட்டும் திருப்பும் சாம்பல் நிறத் தாள், கண்ணுக்குக் கருமைக்கும் வெண்மைக்கும் நடுவணதாகத் தோன்றுகின்றது. இருளில் உள்ள சிறு வேற்றுமைகளையும் கண் நன்கு உணர்வதே இதற்குக் காரணம். பழைய தொலைக்காட்சிக் குழாயிலும் ஒளி, மின்னழுத்தத்தின் நேர்விகிதத்தில் அமையாமல் அடுக்கு முறையில் உயர்ந்தது. அதனை ஈடுசெய்ய எழுந்த காமாத் திருத்தம், குழாய்த் திரைகள் வழக்கொழிந்த பின்னரும் ஏறத்தாழ 2.2 என்னும் அளவில் நிலைத்துவிட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லா மென்பொருள்களும் காமா எண்ணை ஒரே பொருளில் வழங்குவதில்லை. கிம்ப் மென்பொருளின் லெவல்ஸ் பகுதியில் 1க்கு மேற்பட்ட எண் படத்தை வெளிச்சமாக்கும். ஆய்வுக்கூடங்களில் வழங்கும் இமேஜ்ஜேயில் அதே எண் படத்தை இருளாக்கும். முன்னதில் 2 எனக் கொடுப்பதும் பின்னதில் 0.5 எனக் கொடுப்பதும் ஒரே பயனைத் தரும்.

திருத்தமும் சான்றும்

கருவியைத் தொடுமுன் ஹிஸ்டோகிராம் எனப்படும் பரவல் வரைபடத்தைப் பார்த்தல் நலம். எந்த ஒளியளவில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை அது காட்டும். வரைபடம் நடுவில் குறுகிக் கிடந்தால் மாறுபாட்டை மிகுக்கலாம். இடப்பக்கம் குவிந்து வலமுனைவரை நீண்டிருந்தால் காமாவே தக்கது. திருத்தியபின் 0இலோ 255இலோ புதிதாக ஒரு தூண் எழுந்து நின்றால், அங்கே செய்தி வெட்டுண்டது எனக் கொள்க.

களப்படம் அழகுப் பொருள் அன்று, அது சான்று. தழைச்சத்துக் குறைவை இலையின் வெளிறிய நிறம் கொண்டு அறிகின்றோம். ஒளிர்வை மிகையாக உயர்த்திய படத்தில் நலமான இலையும் வெளிறித் தோன்றும். அதை நம்பி உரமிடுமாறு கூறினால் இழப்பு உழவருடையது. 2004ஆம் ஆண்டில் உயிரணு உயிரியல் இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவினர் இது பற்றி வெளியிட்ட நெறிகள் களப்பணிக்கும் பொருந்துவன: திருத்தம் படம் முழுமைக்கும் ஒரு சீராகச் செய்யப்படல் வேண்டும், உள்ள செய்தி எதையும் அது மறைத்தலாகாது, காமா போன்ற வளைவுத் திருத்தத்தை வெளிப்படையாகக் கூறல் வேண்டும்.

ஆகவே, மூலப்படத்தை மாற்றாது தனியே காத்து, படியில் மட்டும் திருத்துக. ஜேபெக் வடிவில் திரும்பத் திரும்பச் சேமித்தால் தரம் குறையுமாதலின், டிஃப் போன்ற இழப்பற்ற வடிவைக் கொள்க. படம் எடுக்கும்பொழுதே பொருளின் அருகில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்தல் சாலச் சிறந்தது. ஒளி எவ்வளவு மாறியது என்பதற்கு அதுவே அளவுகோலாகும். மென்பொருளின் பெயரையும் கொடுத்த எண்களையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க.

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இதைக் கற்பிக்கலாம். 40, 50, 60, 240, 250 என்னும் ஐந்து எண்களைக் கரும்பலகையில் எழுதி, கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் ஆகிய மூன்றையும் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். எந்தக் கணக்கில் எண்கள் ஒன்றோடொன்று கலந்து மறைகின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வர்.